கம்ப்யூட்டர் எங்கே? பையில இருக்கு!

போன மாதம் கொழுந்தனார் போன் போட்டார். "மதினி, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் எடுக்கணும். லேப்டாப் எடுக்கவா, சிஸ்டம் எடுக்கவா? முப்பதாயிரம் வச்சிருக்கேன்." எங்கள் பக்கம் டெஸ்க்டாப் என்று யாரும் சொல்வதில்லை, சிஸ்டம்தான். "வீட்டுக்கா, ஆளுக்கா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. வேறு வேறு என்று புரிய பதினைந்து வருஷமும் நாலு மெஷினும் ஆயிற்று.

2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது. நான் அப்போது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், வீட்டில் இருந்தபடியே நாலு கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு இரும்புக்கடை, ஒரு செக்கு எண்ணெய்க்கடை, ரெண்டு பலசரக்கு. பேரேட்டில் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்ததை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றியே ஆகவேண்டும் என்று ஆனதும், ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் அசெம்பிள் செய்த சிஸ்டம் வாங்கினோம். பென்டியம் டூயல் கோர் பிராசஸர், 1 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் மெஷின் ஞாபகம் வைத்துக்கொள்ளும் இடம்), 160 ஜிபி ஹார்ட் டிஸ்க் (எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் இடம்), பின்பக்கம் பானை மாதிரி புடைத்த 17 இஞ்சு மானிட்டர். 24,000 ரூபாய். மானிட்டரை ஆட்டோவிலிருந்து இறக்கும்போது என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்து, ரெண்டு நாள் நீலகிரித் தைலம் தேய்த்தார்.

அது நடுக்கூடத்தில் உட்கார்ந்தது. அத்தை தன் பழைய சுங்கடிச் சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்தார். பிளஸ் டூ ரிசல்ட் வரும் அன்று தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் இருப்பார்கள். நம்பரை நான் தட்ட, பின்னால் நாலு தலை எட்டிப் பார்க்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா பென்ஷன் சம்பந்தமாக ஒரு கடிதம் அடிக்க வருவார். பகலில் என் கணக்கு, சாயங்காலம் பிள்ளைகளுக்குப் படம் வரையும் பெயின்ட், ராத்திரி வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட் ஸ்கோர். யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.

அதோடு மல்லுக்கட்டியதும் உண்டு. ஒரு நாள் பவர் பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருக்கிறது, உள்ளேயிருந்து 'பீ... பீ...' என்று நீளமாக ஒரு சத்தம். ரிப்பேர் தம்பி வந்தார். மூடியைக் கழற்றினார், ரேமைப் பிடுங்கினார், "அக்கா, ஒரு ரப்பர் இருந்தா குடுங்க" என்றார். நான் பென்சில் எழுத்தை அழிக்க வைத்திருந்த ரப்பரை வாங்கி, ரேமின் அடியில் தங்கநிறப் பற்கள் மாதிரி இருக்கிற விளிம்பை ரெண்டு பக்கமும் தேய்த்தார், ஊதினார், திரும்பச் சொருகினார். சிஸ்டம் எழுந்துவிட்டது. 250 ரூபாய். அடுத்த தடவை அதே சத்தம் வந்தபோது நானே செய்தேன். ஒயரைப் பிடுங்கிவிட்டு, உள்ளங்கையை இரும்புக் கேபினட்டில் ஒரு நிமிஷம் வைத்து உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கி, ரெண்டு பக்கக் கிளிப்பையும் அமுக்கினால் ரேம் தானே எழும்பி வரும். தேய்த்தபின் ரப்பர் தூள் ஒட்டாமல் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்க வேண்டும். பாதிப் பேர் அந்த 'டக்' வரை அமுக்குவதில்லை, மறுபடியும் 'பீ' கேட்கும்.

இன்னொரு தடவை தேதி ஒவ்வொரு நாளும் பழைய வருஷத்துக்கே போய் நின்றது. பேங்க் பக்கம் எதுவும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லாத தளம் என்று எச்சரிக்கை. வைரஸ் என்று பயந்து கிடந்தேன். எல்லாப் பாகங்களும் சொருகியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது, சிஆர்2032. அது தீர்ந்துவிட்டால் மெஷின் அணையும்போது கடிகாரமும் மறந்துபோகும். தேதி தப்பானால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழும் ஒத்துவராது. முப்பது ரூபாய் பேட்டரி போட்டதும் எல்லாம் சரி. சிஸ்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான்: எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். மானிட்டர் போனால் மானிட்டர், கீபோர்டு போனால் கீபோர்டு.

2012 எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அந்த வருஷம் தென் மாவட்டங்களில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் அவை. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் சிஸ்டத்தைத் தாங்கும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வைத்திருந்தோம். அதற்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட் மணி. அந்தப் பெட்டி மானிட்டரும் கேபினட்டும் சேர்ந்து 150 வாட் இழுக்கும்போது, கணக்கு அரை மணி நேரம் என்று சொன்னாலும் பத்து நிமிஷத்தில் யுபிஎஸ் அலறத் தொடங்கிவிடும். பேட்டரி ரெண்டு வருஷம் பழசு என்றால் அதுவும் கிடையாது.

அந்த டிசம்பரில் இரும்புக்கடை கணக்கில் பில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது, யுபிஎஸ்சும் கூடவே போனது. கரண்ட் வந்து டேலியைத் திறந்தால் அந்தக் கடையின் கணக்கே திறக்க மறுக்கிறது, டேட்டா கெட்டுவிட்டது. பென்டிரைவில் இருந்த பேக்கப் பதினோரு நாள் பழசு. பதினோரு நாள் பில்லை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தேதிவாரியாக அடுக்கி, கரண்ட் வருகிற நேரமெல்லாம் உட்கார்ந்து அடித்தேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு நாளும் வேலை முடித்ததும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுக்காமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை. எந்த மெஷின் வாங்கினாலும் இந்தப் பழக்கம் வேண்டும்.

நாங்கள் இன்வெர்ட்டரும் போட்டிருந்தோம், அதை மறைக்கக் கூடாது. லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும் லைன் இழுத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்து சிஸ்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தோம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த நொடியில் சிஸ்டம் அணைந்து மறுபடி எழும். "இன்வெர்ட்டர்ல கம்ப்யூட்டர் ஓடாது" என்று முடிவு கட்டிவிட்டோம். அந்த முடிவு தப்பு என்று தெரிய பத்து வருஷம் ஆனது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆக, 2013ல் லேப்டாப். 15.6 இஞ்சு, ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 32,000 ரூபாய். முதல் ஆறு மாதம் தலையில் வைத்துக் கொண்டாடினோம். கரண்ட் போனால் திரை வெளிச்சம் லேசாகக் குறையும், அவ்வளவுதான், நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பேன். பழைய சிஸ்டத்தை ஆறாயிரத்துக்குக் கொடுத்துவிட்டோம். கூடம் விசாலமானது. அத்தை அந்த இடத்தில் அரிசி டிரம்மை வைத்தார்.

அதன் குறைகள் ஒவ்வொன்றாகத்தான் தெரிந்தன. சார்ஜில் போட்டபடி தட்டும்போது மணிக்கட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு 'சுரீர்'. மொசைக் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்தால்தான் வரும், செருப்புப் போட்டால் வராது. பயந்துபோய்க் கடையில் காட்டினோம். மெஷினில் ஒன்றுமில்லை. மூன்று முள் பிளக்கை, எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தோம். அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டி வழியாகத் துளியூண்டு மின்சாரம் உடம்பில் கசிகிறது, எர்த் இருந்தால் அது அந்த வழியாக இறங்கிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேராகச் சொருகியதும் நின்றது. உங்கள் வீட்டிலும் அப்படி சுரீர் என்று இருந்தால் முதலில் எர்த்தைத்தான் பாருங்கள்.

அடுத்தது காப்பி. மகன் கருப்பட்டிக் காப்பித் தம்ளரைத் தட்டிவிட்டான். சிஸ்டமாக இருந்தால் முந்நூறு ரூபாய் கீபோர்டை மாற்றிவிட்டு அவன் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். லேப்டாப்பில் கீபோர்டுக்கு நேர் கீழே மதர்போர்டு. உடனே பவரை அமுக்கி அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, 'ட' மாதிரி விரித்துக் கவிழ்த்து வைத்ததால் மதர்போர்டு பிழைத்தது. கீபோர்டு போயிற்று, பொருத்துக்கூலியோடு 1,800 ரூபாய். சர்க்கரை காய்ந்தால் பிசின்போல் ஆகிவிடும், அதனால் காயவைத்துவிட்டால் போதும் என்று நினைக்காமல் திறந்து துடைக்கத்தான் வேண்டும்.

இதெல்லாம் செலவுக் கணக்கு, தாங்கிக்கொள்ளலாம். பெரிய சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. வீட்டுக்காரருக்கு மோட்டார் பம்பு விற்பனை வேலை. நாகர்கோவில், தூத்துக்குடி என்று வாரத்தில் மூன்று நாள் வெளியூர். "டீலருக்குக் கொட்டேஷன் போடணும்" என்று ஒரு நாள் லேப்டாப்பைக் கொண்டுபோனார். பிறகு அடிக்கடி. பிறகு அது அவர் பையிலேயே குடியிருந்தது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. ஒவ்வொரு மாதத்து வரிக்கணக்கையும் தாக்கல் செய்யும் 3பி படிவத்துக்குக் கடைசித் தேதி அதற்கு அடுத்த மாதம் 20. ஒரு 20ஆம் தேதி சாயங்காலம், செக்கு எண்ணெய்க்கடை அண்ணாச்சியின் வரி கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், தாக்கல் மட்டும்தான் பாக்கி. லேப்டாப் நாகர்கோவில் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறது. பஸ் வள்ளியூர் தாண்டவில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. ஒரு நாள் தாமதத்துக்கு ஐம்பது ரூபாய் அபராதம். ஐம்பது ரூபாய் பெரிசில்லை. "உங்கள நம்பித்தானே குடுத்தேன்" என்று அண்ணாச்சி கேட்டதுதான் பெரிசு. அபராதத்தை நானே கட்டினேன்.

அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அத்தை சொன்னார்: "கம்ப்யூட்டர் வீட்ல இருக்கு, வீட்ல இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லுத. எங்கட்டி இருக்கு? அவன் பையில இருக்கு." வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெட்டி மானிட்டர் இருந்தவரை வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. லேப்டாப் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு ஆளிடம்தான் கம்ப்யூட்டர் இருந்தது. மற்றவர்கள் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். அவர் வெளியூர் போகாத நாளிலும் அது கட்டிலில் கிடக்கும், அவர் திறந்து வைத்த பக்கங்களோடு. பாஸ்வேர்டு அவருடையது. மகள் ஸ்கூல் புராஜெக்டுக்கு ரெண்டு வரி அடிக்க வேண்டுமென்றால் "அப்பா, எடுத்துக்கவா?" என்று நிற்பாள். அவர் குற்றம் என்று சொல்ல முடியாது. சுமக்கக்கூடிய பொருள் சுமக்கிறவரிடம் போய்ச் சேரும்.

கழுத்து வலி வேறு. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை. கை சரியான உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்துவிடும், திரை கண்ணுக்கு நேராக இருந்தால் கை தூக்கியபடி இருக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கணக்கு அடிக்கிற எனக்கு ரெண்டே வருஷத்தில் தோள்பட்டை இறுகிப்போனது. பிசியோ பார்த்த டாக்டரம்மா மாத்திரை எதுவும் எழுதவில்லை. லேப்டாப்புக்கு அடியில் ரெண்டு தடிப் புத்தகம் வைத்துத் திரையின் மேல் விளிம்பைக் கண் உயரத்துக்குக் கொண்டுவரச் சொன்னார், தனியாக ஒரு கீபோர்டும் மவுசும் வாங்கிச் சொருகச் சொன்னார். வலி பாதிக்குப் பாதி போனது. ஒரு நாளில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் லேப்டாப்பில் வேலை என்றால் அந்த எழுநூறு ரூபாய் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

2018ல் டச்பேட் அமுங்க மறுத்தது. மேசையில் வைத்தால் லேப்டாப் ஆட்டுக்கல் மாதிரி ஆடியது. திருப்பிப் பார்த்தால் அடிப்பலகை நடுவில் புடைத்திருக்கிறது. உள்ளே லித்தியம் பேட்டரி உப்பிவிட்டது. நாள் முழுக்க சார்ஜில் சொருகி நூறு சதவீதத்திலேயே வைத்திருந்ததும், மெத்தையில் வைத்துக் காற்றோட்டத்தை அடைத்ததும் சேர்ந்து செய்த வேலை. உப்பின பேட்டரியை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. அணைத்து நேராகக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். இப்போது வருகிற பல லேப்டாப்புகளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. வீட்டிலேயே சொருகி வைத்திருப்பவர்கள் முதல் நாளே அதைப் போட்டுவிட வேண்டும்.

பிறகு 2020. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. ரெண்டு பேருக்கும் காலை ஒன்பதரைக்கு ஆன்லைன் வகுப்பு. வீட்டில் ஒரு லேப்டாப், ரெண்டு போன். ஊரே லேப்டாப் தேடிக்கொண்டிருந்த சமயம். கடையில் இருந்ததை எடுத்துக்கொள் என்ற நிலை. அவசரத்தில் 27,000 கொடுத்து ஒன்று வாங்கினோம். என் வாழ்நாளில் வாங்கியதிலேயே மோசமான பொருள் அதுதான், தப்பு என்னுடையதுதான். 4 ஜிபி ரேம், மதர்போர்டோடு பற்றவைத்தது, கூடுதலாகச் சொருக இடமே கிடையாது. சேமிப்பு 64 ஜிபி, அதுவும் இஎம்எம்சி என்ற, மதர்போர்டோடு பற்றவைத்த சிப். விண்டோஸ் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ள, பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் இடம் போதவில்லை என்று நிற்கும். வகுப்பு நடக்கும்போது இன்னொரு பக்கம் திறந்தால் டீச்சர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

அதே சமயம் 2013 லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கின் வேலையை வேகமாகச் செய்வது) போட்டு, காலியாக இருந்த இடத்தில் இன்னொரு 4 ஜிபி ரேம் சொருகினோம். நாலாயிரத்துக்கும் கீழே செலவு. மூன்று நிமிஷம் எடுத்து எழுந்த மெஷின் இருபது நொடியில் எழுந்தது. ஏழு வருஷக் கிழவன் புதுப் பையனை ஓரம்கட்டினான். லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை கிடையாது: "ரேம் கூட்டலாமா? எஸ்எஸ்டி மாத்தலாமா?" ரெண்டுக்கும் 'முடியாது' என்றால் வாங்கும் அன்றைக்கு இருப்பதுதான் அதன் ஆயுளுக்கும். அப்போது 16 ஜிபி உள்ளதாகப் பாருங்கள்.

2022 கோடையில் ஒரு முடிவுக்கு வந்தேன். இது என் தொழில், என் பணம், நடுக்கூடத்துக்கு மறுபடியும் ஒரு சிஸ்டம் வேண்டும். ரிப்பேர் தம்பி இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறார், தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது, ஆனாலும் எனக்குத் தம்பிதான். "அக்கா, அந்தக் காலத்துச் சிபியுவெல்லாம் வேண்டாம். மினி ஒண்ணு தாரேன்" என்று ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார். நாம் சிபியு என்று சொல்லும் அந்தப் பெரிய டப்பா, தடித்த டைரி அளவுக்குச் சுருங்கிவிட்டிருக்கிறது. லெனோவோவில் டைனி, டெல்லில் மைக்ரோ, எச்பியில் மினி என்று பெயர். பெரிய அலுவலகங்கள் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிப்பவை இப்படிக் கடைகளுக்கு வரும். எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர், 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 16,500 ரூபாய்.

எட்டாம் தலைமுறை என்பதில் தம்பி பிடிவாதமாக இருந்தார். ஏழாம் தலைமுறையில் மூவாயிரம் குறைவாக ஒன்று இருந்தது, அதைத்தான் நான் கேட்டேன். "விண்டோஸ் 11 அதுல முறையா ஏறாதுக்கா. இன்டெல்னா எட்டுல இருந்துதான்" என்றார். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு (வழக்கமான பாதுகாப்பு அப்டேட்) முடிந்தபோதுதான் அந்த மூவாயிரத்தின் அருமை தெரிந்தது. பழைய மெஷின் வாங்கும்போது அவர் எனக்குக் காட்டிய மற்றதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்கு முன்னால் எழும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள், பழைய அலுவலகத்தின் பூட்டு இருந்தால் பின்னால் அவதி. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். எல்லா யுஎஸ்பி ஓட்டையிலும் ஒரு பென்டிரைவைச் சொருகிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை.

ஆனால் 16,500 என்பது பாதிக் கதைதான். லேப்டாப்பை வாங்கினால் பெட்டியைப் பிரித்து உட்கார வேண்டியதுதான். சிஸ்டத்துக்கு ஒவ்வொன்றும் தனி. 24 இஞ்சு மானிட்டர் 8,900. கீபோர்டும் மவுசும் 900. கேமரா கிடையாது, மைக் கிடையாது என்பது மஸ்கட்டில் இருக்கும் நாத்தனாரோடு பேச உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது, வெப்கேம் 1,400. ஸ்பீக்கர் 500. திடீர் மின் ஏற்றத்தைத் தடுக்கும் பிளக் பெட்டி, அதாவது நல்ல ஸ்பைக் பஸ்டர் 450. ஒயர் இழுத்துப் பிளக் வைத்த எலக்ட்ரீஷியனுக்கு 350. ஆக 29,000. இதையெல்லாம் கூட்டாமல் 'சிஸ்டம்தான் மலிவு' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நல்லவேளை, மினியில் வைஃபை உள்ளேயே இருந்தது. எல்லாவற்றிலும் இருக்காது, கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்வெர்ட்டர் சங்கதி. பொருத்த வந்த தம்பி யுபிஎஸ் எங்கே என்றார். "இன்வெர்ட்டர் இருக்கு, ஆனா அதுல கம்ப்யூட்டர் அணைஞ்சிரும்" என்றேன். மாடிப்படித் திருப்பத்தில் இருந்த இன்வெர்ட்டரை நகர்த்தினார். பின்பக்கம், ஒட்டடைக்கு நடுவில், நகத்தளவு ஒரு சுவிட்ச். சாதாரண நிலையிலிருந்து யுபிஎஸ் நிலைக்குத் தள்ளினார். மெயினை அணைத்துப் பார்த்தோம், மானிட்டர் ஒரு சிமிட்டுகூடச் சிமிட்டவில்லை. அந்த நிலையில் மெயினிலிருந்து பேட்டரிக்கு மாறும் இடைவெளி மிகக் குறைவு, கம்ப்யூட்டரின் பவர் சப்ளை அதைத் தாங்கிக்கொள்ளும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் அந்தச் சுவிட்சைத் தள்ளியிருந்தால் நான் பதினோரு நாள் பில் அடித்திருக்க மாட்டேன். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

கரண்ட் பில்லைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பழைய மாதிரி பெரிய கேபினட்டும் எல்இடி மானிட்டரும் என்றால் சாதாரண வேலைக்கு 80 வாட் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ரெண்டு மாதம் ஓடினால் கிட்டத்தட்ட 29 யூனிட். லேப்டாப் 25 வாட் என்றால் 9 யூனிட். என் மினியும் மானிட்டரும் சேர்ந்து 40 வாட்டைச் சுற்றி, 14 யூனிட். ரெண்டு மாதத்தில் ஐந்து யூனிட் வித்தியாசத்துக்காகக் கழுத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. கேம் விளையாடும் கிராபிக்ஸ் கார்டு போட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

அரிசி டிரம் அடுக்களைக்குத் திரும்பியது. மகன் வாய்ப்பாட்டை வைத்து ஏதோ புரோகிராம் எழுதினான். மகள் நீட் மாதிரித் தேர்வை அதில் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அத்தை திரை முழுக்க நாத்தனார் பேரனைப் பார்த்துக்கொண்டு, "நல்லா சாப்பிடுதியாலே?" என்று கத்துவார். எல்லோரும் பார்க்கிற இடத்தில் திரை இருப்பதால், பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்று நான் ஒளிந்து நின்று உளவு பார்க்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு லாகின் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மகள் மட்டும் முணுமுணுத்தாள்: "கூடத்துல உட்கார்ந்து படிக்க முடியாதும்மா, பாட்டி சீரியல் ஓடுது." அதுவும் நியாயம்தான்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. தாமிரபரணி எங்கள் தெருவுக்கே வந்தது. தண்ணீர் வாசல்படியைத் தாண்டியபோது மெயினை அணைத்தோம், இன்வெர்ட்டரையும் அணைத்தோம். வீட்டுக்காரர் முதலில் தூக்கியது லேப்டாப் பை. தோளில் மாட்டிக்கொண்டு, அத்தையைக் கைத்தாங்கலாகப் பிடித்து மாடி அறைக்குக் கொண்டுபோனார். நான் மானிட்டரைச் சேலையில் சுற்றித் தூக்கினேன், மகன் மினியை ஸ்கூல் பையில் போட்டான். முழங்கால் அளவுக்கு ஏறி நின்றது. மூன்று நாள் கரண்ட் இல்லை. அந்த மூன்று நாளும் எங்கள் போன்கள் உயிரோடு இருந்தது லேப்டாப்பால்தான். திரையை அணைத்துவிட்டு, யுஎஸ்பியில் ஒயரைப் போட்டு ஒரு நேரத்துக்கு ஒரு போன் என்று ஏற்றினோம். நாத்தனாருக்கு "நல்லாருக்கோம்" என்று சொன்னது அந்த சார்ஜில்தான். நான் அதன்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அன்றோடு சரி.

தண்ணீர் வடிந்தபின் கீழே வந்து பார்த்தால் ஒன்றை மறந்திருக்கிறோம். மினிக்கும் லேப்டாப் மாதிரி ஒரு அடாப்டர் உண்டு. செங்கல் மாதிரி அது தரையில், மேசைக்காலுக்குப் பின்னால், சேற்றுக்குள் கிடந்தது. மினி முழுசாக இருக்கிறது, கரண்ட் கொடுக்க வழியில்லை. அதே வோல்ட், அதே முனை உள்ள இன்னொன்று கிடைக்க ஒரு வாரம் ஆனது, 1,100 ரூபாய். தச்சரைக் கூப்பிட்டு இடுப்பு உயரத்தில் சுவரில் ஒரு பலகை அடித்து, அடாப்டரையும் ஸ்பைக் பஸ்டரையும் அதில் ஏற்றினேன். ஒரு வாரத்துக்குள் அத்தை அதில் திருநீற்றுத் தட்டையும் வைத்துவிட்டார்.

2024ல் மகள் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்தபோது யோசிக்கவே இல்லை, லேப்டாப்தான். ஹாஸ்டல் அறையில் நாலு பேர், அலமாரி அளவு இடம், கிளாஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுக்கு மட்டும் உரியது, அவள் பாஸ்வேர்டு. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது, ரேமுக்கு ஒரு இடம் காலியாக இருக்க வேண்டும், திரை முழு எச்டி, மூடியை நூறு தடவை திறந்து மூடுவாள் என்பதால் கீல் இரும்பாக இருக்க வேண்டும் என்று நாலு விஷயம் பார்த்தோம். கீலைக் கடையிலேயே ஒரு கையால் திறந்து பார்த்தாள். அடிப்பக்கம் கூடவே தூக்கிக்கொண்டு வந்த ஒன்றை வேண்டாம் என்றோம்.

கொழுந்தனாருக்கு இத்தனையும் போனில் சொல்ல முடியவில்லை. வீட்டில் யார் யார் தொடப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். அவர், அவர் மனைவி, ரெண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தரும் வெளியூருக்குத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை. "அப்போ கூடத்துல ஒரு இடம் ஒதுக்குங்க, மத்ததை தம்பி பாத்துக்கிடுவார்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தார். மேசை, மானிட்டர், மினி, மேலே சாமி படம், நாற்காலிக்கு அடித்துக்கொண்டு நிற்கும் ரெண்டு பிள்ளைகள். பெரிதாக்கிப் பார்த்தேன். அடாப்டர் தரையில் கிடக்கிறது. மேலே தூக்கி வைக்கச் சொல்லி எழுதினேன். ரெண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.